தாத்தா போட்ட ரோட்டில் அத்தையோடு ஐந்து நாள்

நவம்பர் 14, வெள்ளி. தேஜ்பூர்

அறுபத்து மூன்று வயதில் அத்தை முதல்முறையாக விமானம் ஏறினாள். கவுகாத்தியில் இறங்கி, டாக்சியில் நாலரை மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து வந்து, ஓட்டல் ரூமில் பையை வைத்ததும் கேட்ட முதல் கேள்வி: "நைனா இந்த ஊர்ல எங்கடா எறங்கியிருப்பாரு?"

எனக்கு எப்படித் தெரியும்? தாத்தா வீட்டில் பட்டாளத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. வேலூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு மிலிட்டரிக்காரர் வீடு. சாயங்காலம் கேண்டீன் ரம்மோடு உட்கார்ந்தால் ஆளுக்கொரு யுத்தத்தை ஜெயித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். தாத்தா அந்தத் திண்ணைப் பக்கமே போகமாட்டார். 1954-இல் பெங்களூர் போய் மெட்ராஸ் சாப்பர்ஸில், அதாவது ராணுவத்தின் பொறியியல் படையில், சேர்ந்தார். 18 வருஷம் கழித்து ஹவில்தாராகத் திரும்பினார். அப்புறம் ஒரு பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நின்றார். "பட்டாளத்துல இன்னா தாத்தா செஞ்சே?" என்று கேட்டால் "ரோடு போட்டேன்" என்பார். எங்கே என்றால், "டஸ்கர்ல." டஸ்கர் என்றால் கொம்பன் யானை என்று பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து, தாத்தா யானைமேல் உட்கார்ந்து ரோடு போட்டார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மற்றபடி அவர் முழுக்க வீட்டு மனுஷர். காலை ஐந்து மணிக்கு ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, காபி போடுவது அவர்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேரப்பிள்ளைகளின் ஷூக்கள் எல்லாம் திண்ணையில் வரிசை கட்டி நிற்கும். முகம் தெரியும்வரை பாலிஷ் போடாமல் விடமாட்டார். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு அத்தைக்கு ரெட்டைச் சடை பின்னியதும் அவர்தானாம். ரிப்பனில் சாப்பர் முடிச்சு. நாளெல்லாம் ஆடினாலும் அவிழாது. ஒருநாள் ராத்திரி ஆயாவாலும் அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறாள்.

போன மாசியில், 91 வயதில் போனார். காரியம் முடிந்து டிரங்க் பெட்டியைத் திறந்தோம். மேலே கேண்டீன் சோப்பு, நடுவில் மெடல், அடியில் நூல் கட்டிய ஒரு கட்டு மணியார்டர் ரசீது. 1963 முதல் 1981 வரை மாசம் தவறாமல், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் யாரோ ஒரு பெண்ணுக்கு. முதலில் பத்து ரூபாய், பிறகு பதினைந்து, இருபத்தைந்து. கடைசிப் பணம் மட்டும் திரும்பி வந்திருந்தது, வாங்குபவர் காலமாகிவிட்டார் என்ற குறிப்போடு. அப்பாவும் சித்தப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆயா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள்: "அது கூட இருந்த பையனோட அம்மா. அந்தப் பையன் மலையிலருந்து எறங்கல. இவரு எறங்கிட்டாரு. ஒம்போது நாள் காட்டுல நடந்தாராம்." பையனின் பெயரைக் கேட்டோம். பெயர் மட்டும் தெரியும், வேறொன்றும் தெரியாது என்றாள்.

அந்த மலைக்குத்தான் போகிறோம். போகணும் என்றது அத்தை. துணைக்கு லீவு கிடைத்தது எனக்கு.

அத்தை பிறந்தது 1962 நவம்பர் 9. தாத்தா அப்போது நேஃபாவில், அதாவது இன்றைய அருணாசலப் பிரதேசத்தில். சீனாவோடு யுத்தம். அத்தைக்குப் பத்து நாள் ஆவதற்குள் அங்கிருந்த சேலா கணவாயும் பொம்டிலா ஊரும் சீனப்படையிடம் போய்விட்டன. அடுத்தது நாம்தான் என்று தேஜ்பூரே காலியாயிற்று. பேங்க்கில் இருந்த நோட்டையெல்லாம் எரித்துவிட்டு, சில்லறையைக் குளத்தில் கொட்டிவிட்டு ஓடினார்கள் என்று டாக்சிக்காரர் ஒரு குளத்தைக் காட்டினார். அத்தை இறங்கிப் போய் எட்டிப் பார்த்தாள். தாமரை இலைதான் இருந்தது. நவம்பர் 21 அன்று சீனா தானாகவே போரை நிறுத்தியது, அது ஊர் உலகத்துக்குத் தெரியும். ஆயாவுக்கு டிசம்பர் கடைசி வரை ஒன்றும் தெரியாது. அப்போதுதான் ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது: "நான் சௌக்கியம். இங்கு குளிர் இல்லை. நல்ல வெயில். குழந்தைக்கு நான் வந்தபின் காது குத்தலாம்." எங்கள் வீட்டில் இந்த நாலு வரி எல்லோருக்கும் மனப்பாடம். ஏழு மாசக் குழந்தைக்குத்தான் காது குத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை அத்தை கவிச்சி தொடமாட்டாள். அதனால் தேஜ்பூரின் புளிப்பு மீன்குழம்பு எனக்கு மட்டும். அவளுக்குச் சோறு, பருப்பு, ஆலூ பிட்டிகா. வேகவைத்த உருளைக்கிழங்கைப் பச்சை வெங்காயம், மிளகாய், கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்தது. "எண்ணெ மூக்குல ஏறுதுடா" என்றபடி இரண்டாம் தரமும் வாங்கினாள். இரண்டு பேருக்கும் சேர்த்து 320 ரூபாய்.

சாப்பிட்டதும் ஓட்டல்காரர் தட்டில் தாமூல் பான் நீட்டினார். வெற்றிலையும் ஈரப்பாக்கும். "நம்ம தாம்பூலம்தான்" என்று அத்தை முழுப்பாக்கையும் வாயில் போட்டாள். நாற்பது வருஷமாக வெற்றிலை போடுகிறவள், யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. இரண்டு நிமிஷத்தில் நெற்றி வியர்த்து, காது சிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஓட்டல்காரர் பதறவே இல்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, கொஞ்சம் உப்பும் கொடுத்து, பக்கத்திலேயே நின்றார். முதல்தடவை போடுகிறவர்கள் எல்லோருக்கும் இப்படித்தானாம். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 15, சனி. திராங்

பாலுக்போங்கில் அருணாசலத்தின் வாசல். வெளியூர்க்காரர்களுக்கு இன்னர் லைன் பர்மிட் வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்தது நான், தப்பு செய்ததும் நான். குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் கேட்டது. தமிழனுக்கு ஏது குடும்பப்பெயர்? யோசித்து, அத்தையின் பெயருக்குப் பின்னால் தாத்தாவின் பெயரைப் போட்டிருந்தேன். ஆதாரிலோ மாமாவின் இனிஷியல். சோதனைச்சாவடிப் போலீஸ்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, தாத்தாவின் பெயரில் விரலை வைத்து, இது யார் என்றார். என் இந்தியில் விளக்கத் தொடங்கும் முன்னால் அத்தை முந்திக்கொண்டு, "மை ஃபாதர். மிலிட்டரி. நைன்டீன் சிக்ஸ்டி டூ" என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். வண்டியில் ஏறியபின் அத்தை அந்தக் காகிதத்தை என்னிடம் திருப்பித் தரவே இல்லை, மடித்துத் தன் மணிபர்ஸில் வைத்துக்கொண்டாள்.

டிரைவர் திராங் ஊர்ப் பையன், மோன்பா இனம், இருபத்தைந்து வயது இருக்கும். வண்டி சுமோ, நாளுக்கு 5,000. கமெங் ஆற்றோரமாக ஏறும் ரோட்டில் அத்தை ஒவ்வொரு வளைவையும் "இது நைனா போட்டதா இருக்கும்" என்று பார்த்துக்கொண்டே வந்தாள். தெங்காவில் டீ குடிக்கும்போது டிரைவர் தம்பி குண்டைப் போட்டான். பாலுக்போங் வழியே பிறகு வந்ததாம். 1962-இல் ரோடு ஃபுட்ஹில்ஸ் என்ற இடத்திலிருந்து கிளம்பி, ஈகிள்நெஸ்ட் வழியாக, சாக்கு தாண்டித்தான் தெங்காவுக்கு வரும். காலையிலிருந்து ஐந்து மணி நேரம் யார் யாரோ போட்ட ரோட்டைப் பார்த்து உருகியிருக்கிறாள். அத்தை டீ கிளாஸை வைத்துவிட்டு, "இங்கருந்து?" என்று கேட்டாள். இங்கிருந்து அதே தடம்தான், அகலப்படுத்தியிருக்கிறார்கள் என்றான். "அப்போ இனிமே பேசாம வாங்க ரெண்டு பேரும்" என்று உத்தரவு.

ரோட்டோரம் பாறைக்குப் பாறை வர்த்தக் என்று மஞ்சள் பலகை. எல்லைச் சாலைகள் அமைப்பின் திட்டம். 1960-இல் அந்த அமைப்பைத் தொடங்கியபோது இந்தப் பக்கத்து வேலைக்கு வைத்த முதல் பெயர் டஸ்கர், பிறகு வர்த்தக் என்று மாற்றினார்கள். பெயர் மாறியும் தாத்தா மாற்றிக்கொள்ளவில்லை. யானை கடைசிவரை யானைதான்.

இந்தப் பக்கம் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. திராங் ஹோம்ஸ்டே போய்ச் சேர்ந்தபோது ராத்திரி பத்து மணி போலத் தோன்றியது, மணி ஆறு. குளிரில் அத்தையின் பல் கிடுகிடுத்தது. இங்கே வெறும் ஐயாயிரம் அடிதான் உயரம் என்று சொன்னேன். அது ஆறுதலாகப் படவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு. திராங், இன்னும் திராங்

காலையில் வண்டி கிளம்பவில்லை. கிளட்ச். பாகம் பொம்டிலாவிலிருந்து வரவேண்டும், 40 கிலோமீட்டர்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை. டிரைவர் தம்பி நாலு தடவை மன்னிப்புக் கேட்டான். எனக்கு எரிச்சல். அத்தை நிம்மதியாகத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

மத்தியானம் ஹோம்ஸ்டே பாட்டி சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள். நடுவில் இரும்பு அடுப்பு, சுற்றி உட்கார்ந்துகொள்ளலாம், வீட்டிலேயே அந்த ஓர் இடம்தான் கதகதப்பு. வெண்ணெய்யும் உப்பும் போட்ட டீ கொடுத்தாள். டீ என்று நினைத்துக் குடித்தால் கஷ்டம், ரசம் என்று நினைத்துக்கொண்டேன், இறங்கிவிட்டது. அப்புறம் தட்டில் பழுப்பாக ஓர் உருண்டை வந்தது. ஜான் என்றாள். சிறுதானிய மாவைக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டிக் கிளறியது, தொட்டுக்கொள்ள யாக் பாலாடைக்கட்டியும் கீரையும் போட்ட குழம்பு.

அத்தை உருண்டையைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு விள்ளல் கிள்ளி, நடுவில் பள்ளம் செய்து, குழம்பில் முக்கி, மெல்லாமல் விழுங்கினாள். "டேய், களிடா இது."

களியேதான். தாத்தாவுக்கு ஒரு வேளையாவது களி இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. பல் போன பிறகும் களி, அதற்கு முன்பும் களி. "அரிசி தின்றவனுக்கு முட்டி வலிக்கும்" என்பார். இந்த ஊரில் அவருக்கு யாராவது இதைக் கொடுத்தார்களா, பட்டாளச் சமையல்கூடத்தில் சப்பாத்தியே தின்று செத்தாரா, கேட்க ஆளில்லை. இரண்டாவது உருண்டை கேட்பதற்கு அத்தைக்கு மொழி தேவைப்படவில்லை.

பாட்டிக்கு எழுபது தாண்டியிருக்கும். டிரைவர் தம்பி கிளட்சை விட்டுவிட்டு வந்து மொழிபெயர்த்தான். யுத்தத்தின்போது அவள் சின்னப்பிள்ளை. ஊரோடு இறங்கி அஸ்ஸாம் போனது ஞாபகம். அதைவிட நன்றாக ஞாபகம் இருப்பது, அதற்கு முன்னால் அவள் அம்மா ரோட்டில் கல் உடைக்கப் போனது. கூலிக்குப் போனவர்கள் பிள்ளைகளைக் கூடையில் வைத்து ஓரமாக இறக்கிவிட்டு உடைப்பார்களாம். "ரோடு போட்டேன்" என்று தாத்தா சொன்ன ஒற்றை வரிக்குள் இந்த அம்மாவும் இருந்திருக்கிறாள். அதை அத்தையிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். அவளும் பாட்டியும் ஒருவர் கைவளையலை ஒருவர் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டுக்குத் தனியாகக் காசு வாங்க மறுத்துவிட்டாள். அறைக்கு 1,500, அதோடு சரி. அத்தை தன் பையிலிருந்து ஒரு பொட்டலம் ஊர் முறுக்கை எடுத்துக் கொடுத்தாள். பாட்டி கடித்துப் பார்த்துவிட்டு டிரைவரிடம் என்னவோ சொன்னாள். அவன் சிரித்தான். மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

நவம்பர் 17, திங்கள். சேலா, தவாங்

கிளட்ச் ஐந்தரைக்கே தயார். கிளம்பும்போதே தகராறு. டிரைவர் தம்பிக்குச் சுரங்கப்பாதையில் போகணும். சேலா சுரங்கம் 2024 மார்ச்சில் திறந்தது, மேலே ஏறாமல் மலைக்குள்ளேயே போய்விடலாம், பனியும் இல்லை பயமும் இல்லை. அத்தைக்குக் கணவாய் வழியாகத்தான் போகணும். "சுரங்கம் நைனா போட்டதா?" இதற்குப் பதில் கிடையாது. 500 ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்றேன். பணம் வேண்டாம், வளைவில் பனி உறைந்திருந்தால் திரும்பிவிடுவேன், சம்மதமா என்றான். நியாயமான பிள்ளை.

சேலா 13,700 அடி. மேலே ஏற ஏற அத்தைக்கு என்ன ஆகுமோ என்று கற்பூரம், பூண்டு, மாத்திரை எல்லாம் கையிலேயே வைத்திருந்தேன். கவிழ்ந்தது நான். கடைசி வளைவுகளில் மண்டை வெடித்துவிடும் போல வலி, கதவைத் திறந்து ரோட்டோரம் வாந்தி. அத்தை தலையைப் பிடித்துவிட்டாள். அவளுக்கு ஒன்றுமே இல்லை, கொஞ்சம் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். "நைனா ஒடம்புடா எனக்கு" என்றாள் பெருமையாக.

உச்சியில் ஏரி. ஓரமெல்லாம் கண்ணாடி போல உறைந்து, நடுவில் மட்டும் கறுப்பாகத் தண்ணீர். சுற்றிலும் ஒரு மரம் இல்லை. காற்று காதைப் பிய்த்தது. வெயில் என்னவோ பளீரென்றுதான் அடித்தது, கடிதத்தில் அந்தப் பாதி பொய்யில்லை. அத்தை கொண்டுவந்திருந்த தாத்தாவின் அலுமினிய மக்கை எடுத்தாள். ஏரித் தண்ணீர் மொள்ளப் போகிறாளாக்கும், ஏதாவது சடங்காக்கும் என்று நினைத்தேன். டீக்கடைக்குப் போய் அதில் டீ வாங்கினாள். 30 ரூபாய். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோடு இறங்கிப் போகும் திசையைப் பார்த்தபடி, ஆறும்வரை குடித்தாள். அங்கே டீ ஆற அதிக நேரம் எடுக்காது.

கீழே இறங்கினால் ஜஸ்வந்த்கட். 1962 நவம்பர் 17 அன்று நுராநாங்கில் சண்டையிட்டு இறந்த கார்வால் ரைஃபிள்ஸ் வீரர் ஜஸ்வந்த் சிங் ராவத்தின் நினைவிடம். மகாவீர் சக்ரா வாங்கியவர். நாங்கள் போனதும் அதே தேதி. திட்டமிட்டதல்ல, கிளட்ச் செய்த வேலை. அவர் இன்னும் காவல் நிற்கிறார் என்று பட்டாளத்துக்காரர்கள் நம்புகிறார்கள். படுக்கை விரிக்கிறார்கள், காலையில் டீ வைக்கிறார்கள், பூட்ஸுக்கு பாலிஷ் போடுகிறார்கள். போகிற வருகிறவர்களுக்கு ஜவான்களே இலவசமாக டீ கொடுக்கிறார்கள்.

டீ ஊற்றிய ஜவானிடம், என் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றேன். அவர் முகம் மலர்ந்து, "அரே, தம்பி!" என்றார். அத்தைக்குச் சுருக்கென்றது. "யாரைத் தம்பின்றான் இவன்? நைனாவுக்கு இவன் பேரன் வயசு." பட்டாளம் முழுக்க மெட்ராஸ் சாப்பர்களுக்குச் செல்லப்பெயரே தம்பிதான் என்று விளக்கினேன். அதைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பிப் போய், அந்தப் பூட்ஸைக் காட்டி, "பாலிஷ்? வாட் பாலிஷ்?" என்றாள். செர்ரி பிளாசம் என்றார் அவர். "பார்த்தியா" என்றாள் என்னிடம். எங்கள் வீட்டுத் திண்ணை மாடத்தில் அந்த டப்பா இன்னும் பாதி இருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய். தவாங்

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மூன்று ரஜாய்ப் போர்வை, ஒரு ஹீட்டர், அடிக்கடி கரண்ட் கட். விடிகாலை போனில் பார்த்தேன், மைனஸ் நாலு. குழாயில் தண்ணீர் வரவில்லை, உறைந்திருந்தது. ஓட்டல்காரர் ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு 50 ரூபாய் கேட்டார். ஐந்நூறு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

தவாங் போர் நினைவிடம் பௌத்த ஸ்தூபி வடிவில், 40 அடி உயரம். கமெங் பகுதியில் இறந்த 2,420 பேரின் பெயர்கள் கறுப்புக் கல்லில் படைப்பிரிவு வாரியாக வெட்டியிருக்கின்றன. அத்தைக்குக் கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியவில்லை. நான் படித்துக்கொண்டே வந்தேன். சிங், தாப்பா, ராம், நேகி என்று போய்க்கொண்டே இருந்தது, நடுநடுவே நம்மூர்ப் பெயர். நம்மூர்ப் பெயர் வரும்போதெல்லாம் என் குரல் தானாகக் குறைந்தது. ஏன் என்று தெரியவில்லை, கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்வது போல.

ஆயா சொன்ன பெயர் வந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒழுங்காக அங்கேயே நின்றிருக்கலாம். முழுக்கப் படித்துவிடலாம் என்று மேலே போனேன், அதே பெயர் இன்னொரு தடவை வந்தது. ஊர் இல்லை, அப்பா பெயர் இல்லை. பதினெட்டு வருஷ ரசீதில் இருந்தது அம்மாவின் பெயர் மட்டும்தான். இரண்டில் எது திருவண்ணாமலைக்காரர்?

அங்கே நின்ற ஜவானிடம் கேட்டேன். அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பாருங்கள் என்று ஒரு விலாசம் சொன்னார். குறித்துக்கொண்டேன். அத்தை அதற்குள் மல்லிகைச்சரத்தை எடுத்துவிட்டாள். வேலூரிலிருந்து வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்தது, நாலு நாளில் பழுத்துக் காபிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. அதைப் பல்லால் இரண்டாகத் துண்டித்தாள். முதல் பெயருக்குக் கீழே ஒன்று, இரண்டாவதற்குக் கீழே ஒன்று. இரண்டும் ஒரே நீளமா என்று எட்ட நின்று ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டாள்.

கடைத்தெருவில் ஆயாவுக்கு யாக் கம்பளிச் சால்வை, 1,800 சொல்லி 1,400-க்கு வந்தது. யாக்தானா என்பது கடைக்காரருக்கே வெளிச்சம். கிண்ணம் நிறைய துக்பா, 120 ரூபாய். அத்தை நூடுல்ஸை ஒதுக்கிவிட்டுச் சாறை மட்டும் குடித்தாள்.

சாயங்காலம் ஓட்டல் மொட்டைமாடியில் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் கிடைத்தது. ஆயாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அத்தை தலையில் குரங்குக் குல்லாய், கழுத்தில் மஃப்ளர், அதன்மேல் என் மஃப்ளர், ஆயாவுக்கு வாங்கிய சால்வையும் போர்த்தியிருந்தாள். பேசினால் வாயிலிருந்து புகை.

"போயாச்சா? அந்த எடந்தானா?"

"வந்தாச்சும்மா. இதான்."

"எப்பிடிடி இருக்கு, ரொம்பக் குளிருதா?"

அத்தை என்னைப் பார்த்தாள். தாடை ஆடுவது நிற்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"குளிரே இல்லம்மா. நல்ல வெயிலு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைத் தூக்கிப் பார்த்தேன்.

"சரி சரி," என்றாள் ஆயா. "காதை நல்லா மூடிக்கோ."